வெள்ளை விட்ட வரி

என் அத்தை எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பவள். அதுதான் அவளுடைய உத்தியோகம். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால் அம்மா இப்படிச் சொல்வாள்: "என் நாத்தனார் வேலை செய்யறவ இல்ல, வேலை வாங்கறவ."

அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமாகிப் போன இடம் ஒத்துவராமல், நான் நடக்கப் பழகிய வருஷத்தில் ஒரே ஒரு பையோடு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். முதலில் ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் பேசும் வேலை. புகார் சொல்கிறவர்களின் வசவையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு, "மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே சில வருஷங்கள் போயின. பிறகு அதே கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அங்கிருந்து குழுவின் வேலையைத் திட்டமிடும் இடத்துக்கு வந்தாள். முதுகுவலியால் அப்பா லேத் பட்டறையை விட்டு ஒரு கடையின் கல்லாவில் உட்கார ஆரம்பித்த பிறகு, எங்கள் வீடு அத்தையின் சம்பளத்தில்தான் நிமிர்ந்து நின்றது.

பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டில் கிடந்த மாதங்களில், அத்தையின் மேசைக்கு எதிரே இருந்த கட்டில்தான் என் இடம். அவள் பேசுவதெல்லாம் காதில் விழும். அப்படிக் கேட்டதையும், சமையலறையில் அவள் அம்மாவிடம் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தையின் திரையில் ஒரு பெரிய பலகை இருக்கும். போர்டு என்பார்கள். இடது ஓரத்தில் குழுவில் இருப்பவர்களின் பெயர்கள், மேலே தேதிகள், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு வரி. செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் ஒரு சின்ன கார்டு. கார்டை இழுத்து ஒருவருடைய வரியில் விட்டால் அந்த வேலை அவர் தலையில். அளவான வேலை என்றால் வரி பச்சையாக இருக்கும். ஒரு மனிதனால் முடிகிற நேரத்தைத் தாண்டிவிட்டால் சிவந்துவிடும். வேலையே கொடுக்கவில்லை என்றால் வெறும் வெள்ளை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பங்கீடு நடக்கும். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஸ்பிரிண்ட் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடுவது என்று எங்கள் விளையாட்டு வாத்தியார் சொல்லியிருக்கிறார். இவர்கள் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று செய்கிறவர்களே சொல்ல வேண்டும். அத்தைக்கு ஒவ்வொருவரின் பொய்யும் அத்துப்படி. குழுவில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எல்லோரும் அவளை மின்னல் என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் "அரை நாள் போதும்க்கா" என்பாள். அத்தை பேசாமல் அதை இரண்டு நாளாக மாற்றிக்கொள்வாள். சோதனை செய்கிறவர் ஒருவர், அவருக்குப் பட்டப்பெயர் பொறுமை. யாராவது அவசரப்படுத்தினால் "பொறுமை, பொறுமை" என்பார், அதனால் அந்தப் பெயர். அவர் என்ன நேரம் சொல்கிறாரோ அத்தை அதை அப்படியே எழுதிக்கொள்வாள். அவர் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்னால் அதைத் திரும்பப் பார்க்க வேண்டியதே இருக்காது.

"ஊருக்கெல்லாம் வேலையைப் பிரிச்சுக் குடுக்கிறியே, இந்தப் பாத்திரத்தை எல்லாம் யார் வரியில வெச்சிருக்கே?" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"அது அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளியாச்சு அண்ணி!"

"தள்ளுவே தள்ளுவே. வந்து துலக்குடி."

அத்தையிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழுவில் யாருக்காவது வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால், அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவர்கள் வரியிலிருந்த கார்டுகளை எடுத்து மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுவாள். ஒருவருக்குப் பாரம் தெரியாதபடி ஆளுக்கு ஒரு சிட்டிகை. லீவு கேட்டு, காரணம் சொல்லி, தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் போர்டைத் திறந்தால் அவர்கள் வரி வெள்ளையாக இருக்கும். குழுவில் இதற்கு 'வெள்ளை விடுவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அக்கா எனக்கு வெள்ளை விட்டாங்க" என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை வேறொருவருக்காக ஒரு கார்டு தங்கள் வரியில் கூடுதலாக விழுந்தால் முணுமுணுக்கவும் மாட்டார்கள்.

பொறுமையின் மனைவி வேறொரு ஊரில் பள்ளி ஆசிரியை. அவர்களுடைய சின்னப் பெண்ணும் அங்கேதான். இவர் இங்கே தன் அம்மாவோடு இருந்துகொண்டு, வாரக் கடைசியில் ரயில் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். அந்த வருஷம் மனைவி இருக்கும் ஊரிலேயே ஒரு கம்பெனி அவரை வேலைக்கு அழைத்தது. அத்தைக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னார். அத்தை வழக்கம்போலப் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம் அக்கா. போகவா, இருக்கவா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? குழந்தை உன் முகத்தை போன்லயே பார்த்து வளருது. போ."

"புது இடம், புது ஆளுங்க. எனக்குச் சட்டுன்னு பழக வராது. அம்மாவும் இந்த வீட்டை விட்டு வர மாட்டேங்கிறாங்க. அவங்களுக்குக் கண் ஆபரேஷன் வேற பண்ணணும்."

"அம்மாவை நான் பேசிக் கிளப்பறேன். நீ போ."

"பொறுமை அக்கா, பொறுமை. யோசிக்கிறேன்."

அத்தை சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். "நல்ல ஆளு போகப் போறான் அண்ணி. எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான். ஆனாலும் போகட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் திட்டம் போட உட்கார்ந்த அன்று மதியம் மானேஜர் அவளைத் தனியாக அழைத்தார். அத்தை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "சரி சார்... யாரை? ... அவருக்குத் தெரியுமா? ... இல்ல, புரியுது சார்." அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் மௌஸைத் தொடவே இல்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். அவள் குழுவில் வெளியே அனுப்பப் பொறுமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த ஸ்பிரிண்ட் முடிகிற நாளில் வேலையிலிருந்து நிறுத்தும் காகிதத்தை அவர் கையில் கொடுப்பார்கள். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. பாதியில் நின்றுபோகும் என்பதால் அவருக்குப் புது வேலை எதுவும் ஒதுக்கக் கூடாது. "ரகசியம் வெளியே போச்சுன்னா உங்களுக்கும் சிக்கல் மேடம்" என்று மானேஜர் பணிவாகவே சொன்னாராம்.

"பாவி மனுஷா," என்றாள் அம்மா.

"நல்லவேளை அண்ணி, அவன்தான் போகப் போறானே. காகிதம் வர்றதுக்குள்ள அவனே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையாப் போயிடும். யாரும் அனுப்பின மாதிரி இருக்காது."

"அதுவரைக்கும் வெட்டியா ஏதாவது வேலையை அவன் பேர்ல போட்டு வையேன். சந்தேகம் வராதுல்ல?"

அத்தை முகத்தைச் சுளித்தாள். "இல்லாத வேலையைப் போர்டுல எழுதினா அப்புறம் அதுல எதைத்தான் நம்பறது? இத்தனை வருஷத்துல நான் ஒரு பொய் கார்டு போட்டதில்ல."

அந்தத் திங்கட்கிழமை பொறுமையின் வரி வெள்ளையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை குழுவின் வழக்கமான பேச்சு. எல்லோரும் திரையில் கட்டம் கட்டமாக வந்து, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வார்கள். பொறுமையின் முறை வந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பார்த்தேன் அக்கா. எனக்கு வெள்ளை விட்டிருக்கீங்க. எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இந்த வாரம்தான்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. எப்படித் தெரிஞ்சுது?"

அத்தை திரையிலிருந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்னு வெச்சுக்கோங்க, எனக்கு ஒரு ட்ரீட் குடுங்க" என்றாள் மின்னல். "அக்கா, எனக்கும் ஒரு தடவை வெள்ளை விடுங்களேன். அதுக்குள்ள நான் ஒரு மாப்பிள்ளையாவது தேடிக்கிறேன்."

"உனக்கு அரை நாள் போதுமே," என்றார் பொறுமை. எல்லோரும் சிரித்தார்கள். மானேஜரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், முகம் காட்டாமல். அவர் கட்டத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அத்தை "ம்" என்று மட்டும் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பேச்சு முடிந்ததும் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். "அவன் தப்பாப் புரிஞ்சுகிட்டான் அண்ணி. நான் அவனுக்கு நல்லது பண்ணியிருக்கேன்னு நினைக்கிறான்."

"வெள்ளைன்னா அப்படித்தானே நீ பழக்கி வெச்சிருக்கே," என்றாள் அம்மா. குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்குக் குத்தியது.

அன்று மாலை அத்தை அவருக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றவில்லை அவளுக்கு.

"தம்பி, அந்தக் கம்பெனிக்குப் பதில் எழுதிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே."

"போயிடு தம்பி. நல்ல இடம். அது உனக்கு நல்லது."

"என்னக்கா, துரத்தறீங்களா?" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா "யாருடா, உங்க அக்காவா? ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல அவ முகத்தைத்தான் பார்க்கணும்னு சொல்லு" என்று கத்துவது கேட்டது.

"துரத்தலப்பா," என்றாள் அத்தை. "சொன்னேன், அவ்வளவுதான்."

இதைவிட வெளிப்படையாகச் சொல்ல அவளுக்கு அன்று துணிவு வரவில்லை. சாப்பிடும்போது வீட்டில் அதே பேச்சு. சொல்லிவிடு என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்தபடியே, "அவன் வேலை எப்படியும் போகுது. சொன்னா உன் வேலையும் சேர்ந்து போகும். இந்த வீட்டையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது பிடிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அத்தை அண்ணனிடம் எதிர்த்துப் பேசவில்லை. புதன்கிழமை முழுவதும் மேசையை விட்டு எழவில்லை.

வியாழக்கிழமை காலை குளித்து, தலை துவட்டிய ஈரம்கூடக் காயாமல் மேசைக்கு வந்தாள். "சொல்லிடறேன் அண்ணா. என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றாள். அப்பா சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அவள் போனை எடுத்தாள்.

பொறுமை கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவை உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"தம்பி, முதல்ல இதைக் கேளு. அந்தப் பதில்..."

"நேத்தே எழுதிட்டேன் அக்கா. வரலைன்னு."

அத்தை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னியே?"

"அவங்களை ஏன் காக்க வைக்கணும்னு தோணுச்சு. நீங்க அன்னைக்குப் போன் பண்ணினப்புறம் ரொம்ப யோசிச்சேன் அக்கா. என் நல்லதுக்காக என்னைப் போகச் சொல்றீங்க. கேட்காமலே வரியைக் காலி பண்ணிக் குடுக்கறீங்க. இப்படிப் பார்த்துக்கற ஆளுங்களை விட்டுட்டு எங்க போறது? என் பொண்டாட்டிகிட்டயும் பேசினேன். கொஞ்ச நாள்ல அவளே மாற்றல் கேட்கறேன்னுட்டா."

எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிறவர், அதை மட்டும் அவசரமாகச் செய்திருந்தார்.

அத்தை சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. ஆள் குறைப்பு, காகிதம் வரப்போகும் நாள், மானேஜர் சொன்னது, தான் செய்தது, எல்லாவற்றையும் வரிசையாக, காலைப் பேச்சில் வேலையை ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

"அப்ப, அந்த வெள்ளை?" என்று கேட்டார்.

"அவங்க போடச் சொன்னது."

பிறகு மெதுவாகச் சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"ஒரு பொய் கார்டாவது போட்டிருக்கலாமே அக்கா."

யாரோ அவருடைய அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "உள்ள கூப்பிடறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றே அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் எழுதிப் பார்த்திருக்கிறார். இன்னொருவரை எடுத்தாகிவிட்டது என்று அவர்கள் வருத்தத்தோடு பதில் அனுப்பினார்கள். இதை மின்னல்தான் பிறகு சொன்னாள். அவர் அத்தையிடம் சொல்லவில்லை. ஸ்பிரிண்ட் முடிந்த அன்று மானேஜர் அவரை அழைத்துக் காகிதத்தைக் கொடுத்தபோது, அப்போதுதான் கேட்பவர்போல "அப்படியா சார்" என்று மட்டும் கேட்டிருக்கிறார். முன்பே தெரியும் என்று கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை. அத்தையின் வேலை அதனால்தான் தப்பியது.

அவர் பெயரைப் போர்டிலிருந்து எடுக்க வேண்டியதும் அத்தையின் வேலைதான். ஒரு பெயரை எடுத்தால் அந்த ஆள் செய்து முடித்த பழைய கார்டுகளில்கூட பெயர் இருந்த இடம் காலியாகிவிடும். பட்டனை அழுத்திவிட்டு அத்தை பழைய ஸ்பிரிண்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். வருஷக்கணக்கான வேலை, யாரும் செய்யாதது போல வரிசையாகக் கிடந்தது. "போதும், எழுந்து வா" என்று அம்மா வந்து கூப்பிடும்வரை அவள் நிறுத்தவில்லை. அவர் செய்துவந்த வேலை மின்னலின் வரிக்குப் போனது. அது சிவந்து, சிவப்பாகவே நின்றது. புது ஆள் கேட்டதற்கு மானேஜர், பார்க்கலாம் மேடம் என்றார்.

சில மாதங்கள் கழித்து மின்னலின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தை பழைய வழக்கப்படி அவள் கார்டுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிகூட ஆகவில்லை, போன் வந்தது. அந்தப் பெண் அழுததில் முதலில் ஒன்றுமே புரியவில்லை.

"அக்கா, என் வரி வெள்ளையா இருக்கே அக்கா. என்னையும் அனுப்பறாங்களா? அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, இப்பப் போயி..."

"ஐயோ இல்லடி. உங்கப்பாவுக்காகத்தான் நான் எடுத்தேன். சத்தியமா."

"நிஜமாவா? என்கிட்ட மறைக்காதீங்க அக்கா."

"நிஜமாத்தான்."

"பொறுமை அண்ணனும் அப்படித்தானே நினைச்சாரு?"

அத்தை எவ்வளவோ சமாதானம் சொன்னாள். அவள் சரி சரி என்றாள், அழுகையும் நின்றது. ஆனால் நம்பவில்லை என்பது கட்டிலில் இருந்த எனக்கே தெரிந்தது. போனை வைத்துவிட்டு அத்தை ஒரு புது கார்டு எழுதினாள். 'பழைய குறிப்புகளைச் சரிபார்த்தல்.' அதை மின்னலின் வரியில் வைத்தாள். அப்படியே இன்னும் சில. வரி முழுக்கப் பச்சையானது.

"அந்த வேலையெல்லாம் இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"இல்ல."

அதற்குப் பிறகு அத்தை யாருக்கும் வெள்ளை விட்டதில்லை. யாருக்காவது ஓய்வு தேவையென்றால் இல்லாத வேலையை எழுதி வைக்கிறாள். அது பொய் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கார்டைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

பொறுமைக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அத்தை ஒருநாள் போன் செய்தாள். அவர் கூப்பிடுவார் என்று அதுவரை காத்திருந்து பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. வேலை கிடைத்தது மனைவியின் ஊரில் இல்லை, இன்னும் தள்ளி. மகளைப் பார்க்க இப்போது மாதம் ஒருமுறைதான் போக முடிகிறதாம்.

"அம்மா கண்ணு எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாத் தெரியுதுங்க மேடம்."

அத்தை போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள்.

"சரிங்க மேடம். நீங்களும்."

போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அம்மா ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம்னு கூப்பிடறான் அண்ணி."

அம்மா வாயைத் திறந்தாள். ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தேற்றப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அத்தையின் தோளைத் தொட்டாள். மேசையில் கம்ப்யூட்டர் மணி அடித்தது. காலைப் பேச்சுக்கு நேரமாகிவிட்டது. அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள்.